புதிதாய் ஆட வந்தவருக்கு ஓர் இடம்

கோயில் கொடையை முன்னிட்டும் பொங்கலை முன்னிட்டும் எங்கள் கரிசல் சீமையிலே நடக்கிற மாட்டுவண்டிப் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு, அவை எல்லா மாடுகளும் ஒன்றாய் ஓடும் ஒரே பந்தயமாக நடப்பதில்லை என்பது தெரிந்த விஷயம். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று மாட்டின் உயரத்தையும் பருவத்தையும் பார்த்து வகுப்புப் பிரித்து, வகுப்புக்குத் தக்கபடி ஓட வேண்டிய தூரத்தையும் குறைத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியே பரிசு வைப்பது தென் மாவட்டங்களில் நிலைத்துவிட்ட வழக்கம். சின்னஞ்சிறு மாட்டைப் பெரிய மாட்டோடு ஓட விட்டால், அது தோற்பதோடு நில்லாமல் தன்னால் இயன்ற ஓட்டத்தையும் மறந்து மிரண்டு போகும் என்பதை மாடு வளர்ப்பவர்கள் அனுபவத்தால் அறிந்திருக்கிறார்கள். அதனால்தான் பூஞ்சிட்டுக்கென்று ஒரு பந்தயம் இருக்கிறது, அதைக் காண்பதற்கும் சாலையின் இருபுறமும் ஜனங்கள் கூடுகிறார்கள்.

கபடியிலும் இதே நியாயம் உண்டு. ஊர் ஊராக ஒட்டப்படும் கபடிப் போட்டிச் சுவரொட்டிகளில் பரிசுத் தொகைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது எடை வரம்பு. 55 கிலோ என்றும் 65 கிலோ என்றும் வரம்பு கட்டி, களத்தில் இறங்குமுன் ஒவ்வொருவரையும் எடை மெஷினில் ஏற்றிப் பார்த்த பிறகே ஆட விடுகிறார்கள். பள்ளிக்கூடப் போட்டிகளிலும் சதுரங்கப் போட்டிகளிலும் வயது வரம்பு இருக்கிறது; அதற்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். எடையை மெஷின் சொல்லும். வயதைச் சான்றிதழ் சொல்லும். மாட்டின் உயரத்தை அளவுகோல் சொல்லும். ஆனால் ஒருவருடைய ஆட்டத் திறமையை எதைக் கொண்டு அளப்பது, அளந்து எந்த வகுப்பில் சேர்ப்பது என்ற கேள்விக்கு நம் ஊர் விளையாட்டுகள் இன்னும் பெரும்பாலும் பதில் தேடவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

இதனால் நஷ்டமடைகிறவர் யார் என்று யோசித்தால், முப்பது வயதிலோ நாற்பது வயதிலோ முதன்முதலாக ஓர் ஆட்டத்தைக் கற்க ஆசைப்படுகிறவர்தாம். எட்டு வயதுக் குழந்தை ஆரம்ப நிலையில் இருந்தால் அதனோடு ஆட அதே பருவத்துக் குழந்தைகள் இருக்கிறார்கள். வயது வந்தவருக்கோ வயது வரம்பின் பாதுகாப்பு கிடையாது. அவருக்காகத் திறந்திருப்பது ‘ஓப்பன்’ பிரிவு ஒன்றுதான். அங்கே பதினைந்து வருஷமாக ஆடிப் பழகியவரும், போன மாதம் ராக்கெட்டைக் கையில் எடுத்தவரும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். முதல் சுற்றிலேயே இரண்டாமவர் வெளியேறுகிறார். அடுத்த வருஷம் பெயர் கொடுக்க வருவதில்லை. அவருக்கு ஆட்டத்தில் ருசி இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்தக் குறையை வெகுவாக நீக்கிய ஏற்பாடு ஒன்றை அமெரிக்க நாட்டு டென்னிஸ் சங்கம் 1979-ஆம் ஆண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. என்.டி.ஆர்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தத் திட்டத்தில், ஆடுகிறவர்களின் திறமை 1.0 முதல் 7.0 வரை அரை அரைப் படியாக உயர்கிறது. முதல் படியில் இருப்பவர் ராக்கெட்டை இப்போதுதான் பிடித்தவர். கடைசிப் படியில் இருப்பவர் உலகப் போட்டிகளில் ஆடிப் பிழைப்பவர். நடுவில் உள்ள படிகளின் வர்ணனைகளைப் படிக்கும்போது, அவற்றை எழுதியவர்கள் ஆரம்பநிலைக்காரரை எவ்வளவு பரிவோடு கவனித்திருக்கிறார்கள் என்பது புலனாகிறது. 2.5 என்ற படியில் இருப்பவர், பந்து எங்கே வந்து விழும் என்று அனுமானிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். தமக்கு ஒத்த ஒருவரோடு மெதுவான பந்தைச் சிறிது நேரம் விடாமல் அடித்துக்கொண்டிருக்க அவரால் முடியும். 3.0-க்கு வந்தவருக்கு மிதமான வேகத்தில் வரும் பந்து ஓரளவு கைக்கு அடங்குகிறது. ஆனால் திசையும் ஆழமும் வேகமும் இன்னும் வசப்படவில்லை. 3.5-இல் திசை வசப்படத் தொடங்குகிறது. ‘உனக்கு ஆட வராது’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடக்கூடிய நிலையை இத்தனை நுட்பமாகப் பகுத்து, ஒவ்வொரு பகுப்பிலும் இன்னது வரும், இன்னது வராது என்று எழுதி வைத்தது சாதாரணக் காரியம் அன்று.

அடுத்த ஆண்டில், அதாவது 1980-இல், இந்தப் படிகளை ஆதாரமாகக் கொண்டு லீக் ஆட்டங்கள் ஆரம்பமாயின. அங்கே 2.5 படிக்காரர் 2.5 படிக்காரரோடு ஆடுகிறார்; அலுவலகம் முடிந்து வந்தவரும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்த தாய்மாரும் குழுவாகச் சேர்ந்து ஊர் அளவில் தொடங்கி, வென்றால் மாநில அளவுக்கும் தேச அளவுக்கும் போக வழி இருக்கிறது. கலப்பு இரட்டையரில் இன்னும் ஒரு நயமான ஏற்பாடு உண்டு. இணையாகச் சேரும் இருவரின் எண்களையும் கூட்டினால் 7.0-க்கு மேல் போகக் கூடாது என்று ஒரு பிரிவு இருந்தால், 4.0 படியில் உள்ளவர் 3.0 படியில் உள்ளவரைச் சேர்த்துக்கொண்டு ஆடலாம். வல்லவர் புதியவரைத் தேடிப் போவதற்கே ஒரு காரணம் உண்டாகிவிடுகிறது. நம் ஊர் ஷட்டில் போட்டிகளில் இருவர் வயதையும் கூட்டி 80 என்றும் 90 என்றும் வரம்பு கட்டி நடத்துகிறார்களே, அந்த இரட்டையர் ஆட்டத்தின் யுக்தியும் இதற்குப் பக்கத்தில் வருவதுதான். அங்கே கூட்டப்படுவது வயது, இங்கே திறமை.

புதிதாய் வருகிறவர் தம் எண்ணைத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது அந்த லீக்கின் விதி. சில கேள்விகளுக்கு உண்மையாய்ப் பதில் எழுதி, கல்லூரியில் ஆடியதுண்டா, பயிற்சி பெற்றதுண்டா என்பதைத் தெரிவித்து ஒரு படியில் சேர்ந்துகொள்கிறார். அதன் பிறகு ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவும் கணக்கில் ஏறி, நூறில் ஒரு பங்கு வரை நுணுக்கமாக அவருடைய உண்மையான நிலையை உள்ளுக்குள் நிர்ணயித்துக்கொண்டே வருகிறது. வருஷக் கடைசியில் புதிய எண் பிரசுரமாகிறது. ஆற்றலை மறைத்துத் தாழ்ந்த படியில் சேர்ந்து கோப்பையைத் தட்டிக்கொண்டு போக நினைப்பவர்களும் உண்டு. படியின் எல்லையை மிகவும் தாண்டி ஒருவர் ஆடினதாக மூன்று முறை கணக்கில் பதிவானால், அவரை அந்தப் படியிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். உச்சிப் பிரிவைக் காப்பதைக் காட்டிலும் அடிப் பிரிவைக் காப்பதற்கு அதிகச் சிரத்தை எடுத்துக்கொண்டிருக்கிற இந்த மனப்பாங்கைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன்.

இந்தியாவில் டென்னிஸ் விஷயம் வேறு மாதிரி. தென்காசியைப் பூர்விகமாகக் கொண்ட ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்று, 1960-இலும் 1961-இலும் அதே மைதானத்தில் அரையிறுதி வரை சென்றார் என்பதும், அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் அதே இளைஞர் பட்டத்தை வென்றார் என்பதும் தமிழ்நாட்டுக்குப் பெருமை தரும் சரித்திரம். ஆனால் நம் தேசிய டென்னிஸ் சங்கம் போட்டிகளை 12, 14, 16, 18 வயதுக்கு உட்பட்டோர் என்று வயதால் பிரித்து, எந்தச் சுற்று வரை சென்றார் என்பதற்குத் தக்கபடி புள்ளி கொடுத்து வரிசைப்படுத்துகிறது. வரிசை எண் ஒருவர் எத்தனையாவது ஆள் என்பதைச் சொல்லும். அவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லாது. வரிசையில் இடம் பெறாத லட்சோபலட்சம் பேரைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு இப்போது 40-இல் தொடங்கி 1-இல் முடியும் உலக எண் ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறது. ஆரம்பநிலைக்காரர் 40-இல் நிற்கிறார், ஆற்றல் வளர வளர எண் குறைகிறது. இது நம் ஊர் வரை வந்து பயன்படச் சில காலம் ஆகலாம்.

ஆயினும் திறமையை எண்ணால் அளக்கும் பழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சதுரங்கக் குடும்பங்களில் அது சமையலறைப் பேச்சாகவே ஆகிவிட்டது. ‘பையனுக்கு ரேட்டிங் எவ்வளவு?’ என்று விசாரிக்காத பெற்றோர் அந்த வட்டாரத்தில் இல்லை. அந்த எண்ணுக்கு மூலகர்த்தா அர்பாத் எலோ என்பவர். ஹங்கேரியில் 1903-இல் பிறந்து, அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் போதித்தவர். அவர் வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கச் சங்கம் 1960-இலும், ஃபிடே என்னும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இலும் ஏற்றுக்கொண்டன. ஆரம்பத்தில் அந்தப் பட்டியல் 2200-க்கு மேற்பட்ட வல்லவர்களுக்கே உரியதாய் இருந்தது. பின்னர் வாசல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, 2012-இல் 1000 வரை இறங்கிற்று. இந்த இறக்கத்தைத் தரக்குறைவு என்று சிலர் குறைபட்டுக்கொண்டார்கள். எனக்கோ, அது நிகழாமல் இருந்திருந்தால் தமிழ்நாட்டில் இவ்வளவு வீடுகளில் சதுரங்கப் பலகை விரிந்திருக்காது என்றே தோன்றுகிறது. 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், 1988-இல் முதல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்த், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற குகேஷ் என்று நீளும் சென்னையின் பரம்பரையை எல்லாரும் அறிவார்கள். அந்தச் சிகரங்களுக்கு அடியில், ஆயிரத்துச் சொச்சம் என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் கல்யாண மண்டபங்களில் ஆடிக்கொண்டிருந்த கூட்டமே மலை.

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். 1480 என்ற எண் உடைய, முப்பது ஆட்டங்களை முடித்துவிட்ட ஒரு வயது வந்தவர், 1680 உடையவரோடு அமர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 200. அந்த இடைவெளியில் மேலே உள்ளவர் நூறு ஆட்டத்துக்கு 76 புள்ளி எடுப்பார், கீழே உள்ளவர் 24 புள்ளி எடுப்பார் என்பது எலோவின் அட்டவணை சொல்லும் எதிர்பார்ப்பு. ஆகவே நம்மவரிடம் ஓர் ஆட்டத்தில் எதிர்பார்க்கப்படுவது கால் புள்ளிக்கும் சற்றுக் குறைவு. எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்த்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி அவர் எண்ணில் கூட்டுவார்கள் அல்லது கழிப்பார்கள்; அவருக்குரிய பெருக்கெண் 20. தோற்றால் 4.8 புள்ளி இறங்குவார். சமன் செய்தால் 5.2 ஏறுவார், வென்றாரானால் ஒரே ஆட்டத்தில் 15.2 ஏறிவிடுவார். பலசாலியிடம் தோற்றவருக்கு நஷ்டம் சொற்பம். எளியவரிடம் தோற்ற பலசாலிக்கு நஷ்டம் கனம். தோல்வி அடைந்தவரின் முதுகில் தட்டி, ‘நீ தோற்க வேண்டிய இடத்தில்தான் தோற்றாய், வருத்தப்படாதே’ என்று சொல்லுகிற சக்தி ஒரு கணிதச் சூத்திரத்துக்கு உண்டு என்பதை நான் இதில்தான் கண்டேன். இடைவெளி நூறு என்றால் எதிர்பார்ப்பு 64-க்கு 36. நானூறு என்றால் 92-க்கு 8. நூறு ஆட்டத்தில் எட்டுப் புள்ளி எடுக்கும் நம்பிக்கையோடு எத்தனை பேர் எத்தனை வாரம் ஆட வருவார்கள்? பிரிவுகள் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நியாயம் இல்லை. 1600-க்கு உட்பட்டோர், 1800-க்கு உட்பட்டோர் என்று சதுரங்கத்தில் தனிப் போட்டிகள் நடப்பது இதனால்தான்; அவற்றில் நாற்பது வயதுக்காரரும் வென்று மேடையேறிப் பரிசு வாங்க இடமிருக்கிறது.

எண் உண்மையைச் சொல்லும் வரையில்தான் இந்தச் சௌகரியம். பதினெட்டு வயது நிரம்பாத, 2300-ஐ எட்டாத பிள்ளைகளுக்குப் பெருக்கெண் 40 என்று ஃபிடே வைத்திருப்பது, அவர்கள் வளரும் வேகத்துக்கு எண்ணும் ஈடுகொடுக்கட்டும் என்றுதான். அப்படியும் ஈடுகொடுக்கவில்லை. பட்டியலில் 1100 என்று இருந்த பத்து வயதுச் சிறுமி, கோடை விடுமுறை முழுவதும் கணினியில் பயின்றுவிட்டு வந்து உட்கார்ந்தபோது உண்மையில் 1500 ஆக இருந்தாள். எதிரே அமர்ந்த பெரியவர் அவளிடம் தோற்று, தம் எண்ணையும் இழந்தார். இப்படிக் கீழ்ப்படிகளில் உள்ள எல்லாருடைய எண்களும் உண்மைக்குக் கீழே அமிழ்ந்து போயின. இதைச் சரிசெய்ய 2024 மார்ச் 1-ஆம் தேதி ஃபிடே ஒரு பெரிய மாறுதலைச் செய்தது. 2000-க்குக் கீழே உள்ள ஒவ்வொருவருக்கும், 2000-க்கு அவர் எவ்வளவு குறைகிறாரோ அதில் பத்தில் நான்கு பங்கைக் கூட்டிக் கொடுத்தார்கள். 1000 இருந்தவர் 1400 ஆனார். 1500 இருந்தவர் 1700 ஆனார். 1900 இருந்தவருக்கு 40 மட்டுமே கூடிற்று. பட்டியலின் வாசற்படியும் 1400-க்கு உயர்ந்தது. பழைய 1600 புதிய கணக்கில் 1760 ஆகிவிட்டபடியால், 1600-க்கு உட்பட்டோர் என்ற பழைய வரம்பை அப்படியே வைத்திருந்த போட்டி அமைப்பாளர்கள் தாங்கள் அறியாமலே பலரை வெளியே நிறுத்தியிருப்பார்கள். வரம்பு என்பது ஒருமுறை கட்டிவிட்டு மறந்துபோகத்தக்க மதில் அன்று. வருஷந்தோறும் பார்த்துக் கவனிக்க வேண்டியது.

கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஷட்டில் ஆடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பதக்கம் வாங்காதவர்களுக்கு என்று ‘நான் மெடலிஸ்ட்’ பிரிவு நல்ல எண்ணத்தோடு வைக்கப்படுகிறது. ஒரு ஜில்லாவில் பேர் பெற்ற ஆட்டக்காரர், தம்மை அறியாத இன்னொரு ஜில்லாவுக்குப் போய் அந்தப் பிரிவில் பெயர் கொடுத்தால், கண்டுபிடிக்க யாரிடமும் பொதுவான பேரேடு இல்லை. அரங்கில் ஒருவர் அடையாளம் கண்டு ஆட்சேபித்தால் சச்சரவு. காணாவிட்டால் கோப்பை அவருக்கு. சதுரங்கத்திலும் பெரிய தொகைப் பரிசு உள்ள கீழ்ப்பிரிவுப் போட்டியை உத்தேசித்து, முந்தைய போட்டிகளில் வேண்டுமென்றே தோற்று எண்ணைத் தாழ்த்தி வைத்துக்கொள்ளும் துர்ப்புத்தி உலகெங்கும் உண்டு. இதற்குப் பரிகாரம், ஆரம்பப் பிரிவில் பணத்தைக் குறைத்து ஆட்டங்களைக் கூட்டுவது என்பதே என் எண்ணம். தோற்றவுடன் வீட்டுக்குப் போகும் நாக்-அவுட் முறையை விட்டு, சம புள்ளி எடுத்தவர்களைச் சுற்றுக்குச் சுற்று மோதவிடும் சுவிஸ் முறையையோ, எல்லாரும் எல்லாரோடும் ஆடும் லீக் முறையையோ கைக்கொண்டால், வந்தவர் ஐந்தாறு ஆட்டமாவது ஆடிவிட்டுப் போவார். அவருக்கு வேண்டியது அதுதான். ஐயாயிரம் ரூபாய் அன்று.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். சாத்தூருக்கு அருகில் உள்ள அச்சங்குளத்தின் பெயரை வெளியூர்க்காரர் பலர் முதன்முதலாக அறிந்தது, 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தின் மூலமாகத்தான். அந்தத் துயரம் ஒன்றே அந்த ஊரின் சரித்திரம் என்று நினைத்துவிடுவது அங்கு வாழ்கிற ஜனங்களுக்குச் செய்யும் அநீதி. சுற்று வட்டாரத்திலேயே வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை இருக்கிறது. அங்கே 2022 முதல் நடந்த அகழாய்வுகளில் வளையலும் மணியும் கிடைத்தது போலவே, சுடுமண்ணால் செய்த ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. உழைத்தவர்கள் ஓய்வில் ஆடியிருக்கிறார்கள். அவர்களில் பெரியவர்கள் இருந்திருக்க மாட்டார்கள் என்று யார் சொல்ல முடியும்?

பட்டாசுத் தொழில் பகல் வெளிச்சத்தில் நடக்கும் தொழில். பொழுது சாயுமுன் வேலை முடிந்து ஆலைப் பஸ்ஸிலும் வேனிலும் ஊர் திரும்புகிறவர்களுக்கு மாலை நேரம் மிச்சம் இருக்கிறது; தீபாவளி கழிந்த பிறகோ ஆலைகள் சில வாரம் மூடியே கிடக்கும். இவர்களில் பெண்கள் மிகுதி. ஆண்களுக்காவது கபடியும் கிரிக்கெட்டும் வாலிபம் உள்ள வரை உண்டு. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எங்கள் ஊர்களில் பொங்கலன்று நடக்கும் கோலப் போட்டியும் மியூசிக்கல் சேரும் அன்றி வேறு ஆட்டம் வைத்ததை நான் பார்த்ததில்லை. டென்னிஸ் மைதானம் ஊருக்கு ஒன்று கட்டுவது நடவாத காரியம். சதுரங்கப் பலகையோ, ஒரு ஷட்டில் வலையோ நடக்கக்கூடியது. 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, அரசுப் பள்ளிக்கூடங்கள் தோறும் பிள்ளைகளுக்குப் போட்டி நடந்து, பலகைகளும் காய்களும் கிராமம் வரை வந்து சேர்ந்தன. மாலையில் பூட்டிக் கிடக்கிற அந்தப் பள்ளித் தாழ்வாரத்தில், பிள்ளைகளிடம் ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட தாய்மார் இருபது பேர் உட்கார்ந்தால் அதுவே முதல் லீக்.

அந்த இருபது பேருக்கும் எடுத்த எடுப்பில் ஆளுக்கு 1000 என்று எழுதிக்கொள்ளலாம். ஃபிடேயின் எண்ணோடு அதற்குச் சம்பந்தம் வேண்டியதில்லை, ஊருக்குள் செல்லுபடியானால் போதும். பெருக்கெண் 40. இருவரும் 1000 என்றால் எதிர்பார்ப்பு ஆளுக்கு அரைப் புள்ளி. வென்றவர் 1020, தோற்றவர் 980. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் இதை எழுதிவிடுவாள். நாட்டுக்கே காலண்டரும் நோட்டும் அச்சடித்துக் கொடுக்கிற சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, கோடு போட்ட பேரேடு கிடைக்கவில்லை என்று நாம் சொல்ல முடியாது. இரண்டு விதிகளை மட்டும் முதல் நாளே அட்டையில் எழுதி ஒட்டிவிட வேண்டும். ஆரம்பப் பிரிவில் முதலாவதாக வந்தவர் மறு வருஷம் மேல் பிரிவில்தான் பெயர் கொடுக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்து சேருகிறவர், பேரேட்டில் ஏற்கெனவே உள்ளவர்களோடு ஐந்து ஆட்டம் ஆடி எண் வாங்கிய பிறகே பரிசுக்கு உரியவர் ஆவார். வாரத்துக்கு இரண்டு மாலை, மாலைக்கு இரண்டு ஆட்டம் என்று வைத்துக்கொண்டாலும், தீபாவளிக்குப் பின் மூடிய ஆலைகள் மறுபடி திறந்து பஸ் வருவதற்குள், அத்தனை பேருக்கும் தலைக்கு ஐந்தாறு ஆட்டமும் தமக்கென்று ஓர் எண்ணும் கிடைத்துவிடும்.